மாகாளி வீடியோஸின் பந்திக்கு வந்தவர்கள்

சங்கரன்கோவில் நாலாம் தறித்தெருவில் மாகாளி வீடியோஸ் நடத்துகிற ஆவுடைத்தங்கம், புதுக் கம்ப்யூட்டருக்குப் பாகம் பொறுக்க முழுசாக மூன்று மாதம் எடுத்துக்கொண்டாள். அந்த மூன்று மாதத்துக்குள் தெருவில் இரண்டு கல்யாணம் பேசி முடிந்து, ஒன்று பேசி முறிந்து, எதிர்வீட்டில் பிள்ளை பிறந்து அதற்குப் பேரும் வைத்தாயிற்று. இவள் இன்னும் மதர்போர்டிலேயே நின்றுகொண்டிருந்தாள். ஒரு பெட்டி வாங்க இவ்வளவு யோசனையா என்று தெருவே வாய்விட்டுக் கேட்டது. ஆனால் கம்ப்யூட்டர் பாகம் விஷயத்தில் அந்த வீட்டுக்கு ஏற்கெனவே ஓர் அடி விழுந்திருந்தது என்பது கேட்டவர்களுக்கும் தெரியும், அதனால் அதற்கு மேல் கேட்கவில்லை.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால், ஆடிக் காற்று தெருப்புழுதியை எல்லாம் வாரி வீட்டுக்குள் இறைத்துக்கொண்டிருந்த ஒரு காலையில், ஆவுடையின் புருஷன் உச்சிமாகாளி பழைய கம்ப்யூட்டரின் முதுகில் கை வைத்துப் பார்த்து, "ஃபேன் சுத்தல ஆவுடை, சூடேறித்தான் தொங்குது. திருநெல்வேலி போயி ஒரு ஃபேன் வாங்கிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துருதேன், ரசம் மட்டும் வச்சிரு" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினான். ஏறினதுதான். ரசம் கொதித்தது, ஆறியது, மறுநாள் ஊசிப்போனது. சண்டை கிடையாது, சச்சரவு கிடையாது, சீக்கு கிடையாது. போலீஸில் எழுதிக்கொடுத்தார்கள், குறி கேட்டார்கள், பேப்பரில் போட்டோ போட்டார்கள், ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கினார்கள், ஆள் இருக்கிறானா இல்லையா என்று சொல்ல ஒரு ஈ காக்கை இல்லை. மூன்றாம் மாதம் ஆவுடை அந்தக் கம்ப்யூட்டரின் பக்கத்து மூடியைக் கழற்றிப் போட்டு, மேசை ஃபேனை அதன் வயிற்றுக்கு நேராகத் திருப்பி வைத்து, புருஷனுடைய கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு கல்யாண வீட்டுக்குக் கிளம்பினாள்.

கேமராவுக்குப் பின்னால் நிற்கிறவளை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை என்பது அவளுக்கு ஒரு சௌகரியம். அதை இறக்கிவைத்தால்தான் தொல்லை. ஆரத்தித் தட்டை யாரிடம் கொடுக்கலாம் என்று திரும்புகிற பெண்கள், அவள் நெற்றியில் இருந்த மெரூன் ஸ்டிக்கர் பொட்டைப் பார்த்துத் தட்டை நீட்டுவார்கள், உடனே ஞாபகம் வந்து இழுத்துக்கொள்வார்கள். மஞ்சள் குங்குமம் கொடுக்கிற வரிசையில் அவள் முறை வரும்போது கிண்ணம் சொல்லிவைத்த மாதிரித் தீர்ந்திருக்கும். இல்லாதவள் என்று ஒதுக்க மனசு வராது, இருக்கிறவள் என்று கூப்பிடத் தைரியமும் வராது. மாமியார் வெள்ளத்தாய் மட்டும் ஒரே பிடி: "எம்பிள்ளை இருக்கான். நீ அந்தப் பொட்டை எடுத்தேன்னா நான் கிணத்துல விழுந்துருவேன்." ஆவுடைக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான், அவர் இருக்கிறாரா, இல்லையா. அந்த ஒரு சேதி தெரிந்தால் அழவாவது செய்யலாம், ஏசவாவது செய்யலாம். ஒன்பது வருஷமாக இரண்டுக்கும் வழியில்லை. மகள் கௌசிகா வளர்ந்து காலேஜ் போனாள். கௌசிக்கு முன்னால் ஒன்று பிறந்து, பேர் வைப்பதற்குள், இரண்டாம் நாளே போய்விட்டது. இவ்வளவுதான் அந்த வீடு.

பழைய பெட்டி ஒன்பது வருஷம் மூச்சிரைக்க ஓடியது. பிறகு கல்யாண வீட்டார் ஃபோர்-கே கேட்க ஆரம்பித்தார்கள், மாப்பிள்ளையின் மீசை மயிரை எண்ணும்படி படம் தெளிவாக இருக்க வேண்டுமாம். அந்தப் படத்தைப் பழைய பெட்டியில் போட்டால் தாலி கட்டுகிற கை பாதி வழியில் நின்றுவிடும், கெட்டிமேளம் மட்டும் தனியாக ஓடிக்கொண்டிருக்கும். வேறு வழியில்லாமல் ஆவுடை வண்ணார்பேட்டையில் கம்ப்யூட்டர் பாகம் விற்கிற ஜெபமணி அண்ணாச்சியின் கடைக்குப் போனாள்.

"என்ன வேலைக்குத் தங்கச்சி?" என்றார் ஜெபமணி.

"கல்யாணம்."

"அப்போ பொருத்தம் பாக்கணும்." அவருக்கு வியாபாரத்தைவிடப் பேச்சு பிடிக்கும். "பிராசஸர்தான் மாப்பிள்ளைன்னு வச்சுக்கோ. மதர்போர்டு பொண்ணு வீடு. மாப்பிள்ளை அங்க போயி ஒழுங்கா உக்காரணும், உக்காரலேன்னா எம்புட்டுப் பெரிய மாப்பிள்ளையா இருந்தும் பிரயோசனமில்ல. ராம் இருக்கு பாரு, அது பந்தி விரிக்கிற இடம், எடம் எவ்வளவு இருக்கோ அவ்வளவு பேரைத்தான் ஒரே நேரத்துல உக்கார வைக்க முடியும். முகத்தைத் தெளிவா வரையுறது கிராபிக்ஸ் கார்டு. எல்லாத்துக்கும் கரண்டு குடுக்கிறது பவர் சப்ளை, அதுல கஞ்சத்தனம் பண்ணினா நடு மணவறையில இருட்டாயிரும்."

"முதல்ல ஃபேன் சொல்லுங்க அண்ணாச்சி."

"ஃபேனை ஏன் தனியா வாங்கணும்? எல்லாத்தையும் உள்ள வைக்கிற இந்தக் கேபினட் எடுத்தேன்னா கூடவே ஆறு வருது."

ஆறு ஃபேன். கேட்காமலே கூட வருகிறதாம். ஆவுடை அங்கே கிடந்த ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஜெபமணி வெயில்தான் காரணம் என்று நினைத்து ஒரு சோடா வாங்கிக்கொடுத்தார்.

அன்றிலிருந்து மூன்று மாதம் அவள் வாரம் தவறாமல் போய் வந்தாள். கல்யாண வீடியோக்காரி வீட்டில் மிஞ்சிய பத்திரிகைக்கா பஞ்சம், புளியங்குடியில் யாரோ ஒரு ஜோடியின் பத்திரிகையின் பின்பக்கத்தில் பாகங்களை வரிசையாக எழுதி, அடித்து, திரும்ப எழுதினாள். தெரு முழுக்க அபிப்பிராயம் சொன்னது. கேபினட்டில் கண்ணாடி வேண்டாம் கண்ணு படும் என்றது ஒரு வீடு, கறுப்பு நிறமே ஆகாது என்றது இன்னொரு வீடு, எல்லாவற்றையும் வடக்குப் பார்த்து வைத்தால் சரியாகிவிடும் என்றார் தறி முதலாளி. ஆவுடை யார் சொன்னதற்கும் தலையாட்டினாள், எழுதும்போது தனக்குப் பட்டதையே எழுதினாள். கடைசியில் பத்திரிகையில் இடம் தீர்ந்ததும் தேர்வும் முடிந்தது.

வெள்ளிக்கிழமை ஒன்பதரை பத்தரை நல்ல நேரத்தில் ஜெபமணியே வந்து, அவள் வீட்டு முன்னறையில் பாகங்களைப் பரப்பிவைத்துப் பூட்டினார். அந்தத் தெருவில் மிக்ஸி வாங்கினால்கூட சந்தனம் குங்குமம் வைக்காமல் சுவிட்சைப் போட மாட்டார்கள். ஆனால் வைக்கிறது யார்? வெள்ளத்தாய் கட்டினவனைப் பறிகொடுத்தவள், ஆவுடையோ என்ன கணக்கில் வருவாள் என்றே யாருக்கும் தெரியாது, கௌசி காலேஜில் இருந்தாள். சந்தனக் கிண்ணம் தட்டிலேயே இருந்தது. ஜெபமணி பிராசஸரை அதன் இடத்தில் உட்காரவைத்து, சூடு தாங்குவதற்கான சாம்பல் நிறப் பசையை அதன் நெற்றியில் பட்டாணி அளவு வைத்துவிட்டு, கை கழுவக் கொல்லைக்குப் போனார். ஆவுடை காப்பி போட அடுப்படிக்குப் போயிருந்தாள். திரும்பி வந்த ஜெபமணி, காதுக்கும் தோளுக்கும் நடுவில் போனை இடுக்கி யாருடனோ வழக்காடிக்கொண்டே, பிராசஸர் மேல் உட்காருகிற பெரிய கூலரைத் தூக்கி வைத்து நாலு திருகும் முடுக்கினார். சுவிட்சைப் போட்டார்கள். ஆறு ஃபேனும் சத்தமில்லாமல் சுற்றின.

"சூடே காணோமே," என்று ஜெபமணி திரையில் இருந்த எண்ணைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார். "கிணத்துத் தண்ணியில முக்கி வச்ச மாதிரில்லா இருக்கு." நல்ல பாகமாகப் பொறுக்கியிருக்கிறாய் என்று பாராட்டிவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

முதலில் போட்டது பக்கத்துத் தெருக் கல்யாணம். அவளே எடுத்த படம், ஒவ்வொரு முகமும் அவளுக்குத் தெரியும். ஆனால் எல்லாம் வெட்டி ஒட்டி, பெட்டி முழுப்படமாக ஆக்கிக் கொடுத்ததும் ஓடவிட்டுப் பார்த்தால், முகூர்த்த நேரத்தில் பெண்ணுக்குப் பின்னால் வெள்ளைச் சட்டையில் ஒருத்தர் நின்று அட்சதை போட்டுக்கொண்டிருக்கிறார். ஆறு வருஷத்துக்கு முன்னால் மாரடைப்பில் போன பெண்ணின் அப்பா. ஆவுடை ஓட்டத்தை நிறுத்தினாள். எடுத்த படத்தைத் திரும்பப் பார்த்தாள், அதில் அவர் இல்லை. பெட்டி ஆக்கிக் கொடுத்த படத்தில் இருந்தார்.

பயந்துகொண்டே பெண்ணின் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினாள். அந்த அம்மா வாயில் கை வைத்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்து மூன்று தடவை பார்த்தாள். பிறகு, "ஐயோ, இந்தச் சட்டையையா போட்டுக்கிட்டு வந்தாக?" என்றாள். "இது பீரோவுல மடிச்சு வச்சதுல்லா!" வீட்டுக்கு ஓடிப் பீரோவைத் திறந்தால் சட்டை மடித்தபடியே இருந்தது, அதன் கைப்பகுதியில் மட்டும் சாம்பார்க் கறை, ஈரம் காயாமல்.

அதோடு ஆரம்பித்தது. மாகாளி வீடியோஸ் பெட்டியில் போட்ட எந்த விசேஷத்திலும் அந்தக் குடும்பத்தில் செத்தவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். செத்தவர் வந்ததில் தெருவுக்கு அதிர்ச்சி ஒன்றும் பெரிசாக இல்லை, சொந்த வீட்டு விசேஷத்துக்கு வராமல் வேறெங்கே போவார்கள் என்று இரண்டே நாளில் சமாதானமாகிவிட்டது. வந்த இடத்தில் அவர்கள் செய்த காரியம்தான் ஊரை உலுக்கியது. இரண்டாம் தாரம் கட்டிய ஒருவரின் கல்யாணத்தில் முதல் தாரம் முன் வரிசையில் அமர்ந்து, சிரித்த முகமாக இருந்து, பந்தியில் இரண்டாம் தடவை பாயசம் வாங்கிச் சாப்பிட்டாள். அண்ணன் வாசலை மிதிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்து, அந்தச் சத்தியத்தோடேயே செத்த தம்பி, அண்ணன் மகன் கல்யாணத்தில் முதல் ஆளாக வந்து தூணில் சாய்ந்து நின்றான், அண்ணன் அதைப் பார்த்துவிட்டு எட்டு நாள் சோறு தண்ணி இறங்காமல் கிடந்தார். கோபதாபம், மானம் ரோஷம் எதையும் பார்க்காமல் செத்தவர்கள் அத்தனை பேரும் வந்தார்கள். விசேஷத்துக்கு வராமல் இருப்பது உயிரோடு இருக்கிறவர்கள் மட்டுமே செய்கிற காரியம் என்று ஊருக்குத் தெரிந்துபோயிற்று.

பிறகென்ன, பாகங்கள் வந்து குவிந்தன. ஒரு பந்தியில் செத்தவர்களில் எட்டுப் பேர்தான் முழுசாகத் தெரிந்தார்கள், ஒன்பதாவது ஆளின் முகம் கட்டம் கட்டமாக உடைந்தது. அந்த ஒன்பதாவது ஆளின் பிள்ளைகள் திருநெல்வேலிக்குப் போய் ராம் வாங்கி வந்து, கற்பூரம் காட்டி ஆவுடையிடம் கொடுத்தார்கள். எங்கள் ஐயா முகம் மங்கலாக இருக்கிறது என்று தறி முதலாளி வேறு கிராபிக்ஸ் கார்டு போடச் சொன்னார். உதடு அசைகிறது, சத்தம் வரவில்லையே, அதற்கு ஏதாவது பாகம் உண்டா என்று கேட்டவர்களுக்கு ஜெபமணி, "அது இன்னும் கம்பெனியில இருந்து வரல" என்று முகம் மாறாமல் பதில் சொன்னார். ஆவுடையின் பாகப் பட்டியலைச் சங்கரன்கோவில் ஜெராக்ஸ் கடைகள் எல்லாம் பிரதி எடுத்தன. எந்தப் பக்கத்தில் விஷயம் இருக்கிறதோ என்று பயந்து இரண்டு பக்கமும் எடுத்தார்கள், அதனால் புளியங்குடி ஜோடியின் கல்யாணப் பத்திரிகை ராஜபாளையம் வரைக்கும் போனது. அதே கேபினட், அதே கார்டு, அதே பவர் சப்ளை வாங்கிப் பூட்டிய ஏழெட்டு ஸ்டுடியோக்களில் உயிரோடு இருந்தவர்கள் மட்டும்தான் தெரிந்தார்கள்.

இப்படி எல்லாம் வேடிக்கையாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் தையற்கடை மங்கையர்க்கரசியின் மகனுக்குக் காதுகுத்து வந்தது. தாய்மாமன் மடியில் வைத்துக் குத்த வேண்டும். மங்கையின் தம்பி பால்வண்ணன் லாரி ஓட்டுகிறவன், நாக்பூர் பக்கம் லோடு ஏற்றப் போயிருந்தான். வர முடியவில்லை, சித்தப்பா மகன் மடியில் வைத்துக் குத்து என்று நாலு நாள் முன்னாலேயே போனில் சொல்லிவிட்டான். அப்படியே குத்தினார்கள். நாலாம் நாள் காலையில் மங்கை வந்து ஆவுடை பக்கத்தில் உட்கார்ந்து படத்தைப் பார்த்தாள். பிள்ளைக்குப் பின்னால் பால்வண்ணன் குனிந்து நின்று, பிள்ளையின் தலை ஆடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான்.

"ஏ, வந்துட்டான் பாரேன் மதினி!" என்று மங்கை கையைத் தட்டிச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் பாதியில் நிறுத்தி ஆவுடையைப் பார்த்தாள். ஆவுடை அவள் கையை இறுக்கிப் பிடித்தாள்.

போன் போட்டார்கள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. ஏழாவது தடவை யாரோ எடுத்து இந்தியில் ஏதோ சொன்னார்கள், பின்னால் சைரன் சத்தம் கேட்டது. சாயங்காலத்துக்குள் சேதி உறுதியாக வந்தது, லாரி கவிழ்ந்தது காதுகுத்தின் விடியற்காலையிலாம், ஆளை அடையாளம் தேடிக்கொண்டிருந்தார்களாம்.

தெரு அன்றைக்குத்தான் பயந்தது. அதற்குப் பிறகு மாகாளி வீடியோஸ் வாசலில் யாரும் சிரித்துக்கொண்டு உட்காரவில்லை. வெளிநாட்டிலும் வெளியூரிலும் பிள்ளைகளை விட்டிருந்தவர்கள், வீடியோ பார்ப்பதற்கு முன்னால் ஒவ்வொருத்தருக்கும் போன் போட்டுக் குரலைக் கேட்டுவிட்டே உள்ளே வந்தார்கள். முதலில் ஆவுடை ஒருத்தி மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு பார்ப்பாள், வெளியே வந்து "ஒண்ணுமில்ல, எல்லாம் பழைய ஆளுகதான்" என்று சொன்ன பிறகுதான் மற்றவர்கள் மூச்சு விட்டார்கள். அந்த வார்த்தையைச் சொல்லுகிற ஒவ்வொரு தடவையும் வெள்ளத்தாய் தவித்துப்போய் மருமகள் முகத்தையே பார்ப்பாள். ஏனென்றால் உச்சிமாகாளி அந்தப் பெட்டியில் தெரிவானா என்று பார்க்க வேண்டுமானால் சொந்த வீட்டு விசேஷமாக இருக்க வேண்டும், அந்த வீட்டிலோ ஒன்பது வருஷமாக விசேஷமே இல்லை.

ஆவணியில் கௌசிகாவுக்கு ராஜபாளையத்தில் மாப்பிள்ளை அமைந்தது.

பத்திரிகை அடிக்கிறவன் பேனாவைத் திறந்துவைத்துக்கொண்டு, "யக்கா, அப்பா பேருக்கு முன்னால என்ன போட? திருவா, அமரரா?" என்று கேட்டான். கேட்டுவிட்டு அவனே தலையைக் குனிந்துகொண்டான். வெள்ளத்தாய், "திரு போடுலே!" என்று கத்தினாள். ஆவுடை வெறும் உச்சிமாகாளி என்று மட்டும் அடிக்கச் சொன்னாள். அப்புறம் நேரே பஸ் ஏறி ஜெபமணி கடைக்குப் போனாள்.

"ஒருத்தர் விடாமத் தெரியணும் அண்ணாச்சி," என்றாள். "தூணுக்குப் பின்னால நின்னாலும், கை கழுவுற எடத்துல நின்னாலும், வெக்கப்பட்டுத் துண்டால முகத்தை மூடிக்கிட்டு நின்னாலும் தெரியணும். மூணு கேமரா வைக்கப்போறேன். அதுக்கு எந்தக் கார்டு, எவ்வளவு ராம், எந்தப் பவர் சப்ளைன்னு சொல்லுங்க. சந்தேகத்துக்கு எடம் இருக்கக் கூடாது."

ஜெபமணி எப்போதும் பேசுகிற பேச்சைப் பேசவில்லை. "தெரிஞ்சா என்ன செய்வ தங்கச்சி?" என்று கேட்டார்.

"அழுவேன்."

"தெரியலேன்னா?"

ஆவுடை பணத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். ஜெபமணி ஏணி போட்டு ஏறி, கடையின் மேல்தட்டில் யாருக்கும் விற்காமல் வைத்திருந்த கார்டை இறக்கினார். ஒரு செங்கலைவிடப் பெரிசாக இருந்தது. அதற்குத் தோதான பவர் சப்ளை, நாலு பத்தை ராம், எல்லாம் அவளே தூக்கிப் பார்த்து, பெட்டியில் எழுதியிருந்ததைப் படித்துப் பார்த்து, ஒன்றுக்கு இரண்டு தடவை பொருத்தம் கேட்டு எடுத்தாள்.

பூட்டுவதற்கு மறுநாள் அவரே வந்தார். இவ்வளவு பெரிய கார்டு போடுகிறோம், கூலர் பிடிமானமாக இருக்கிறதா பார்த்துவிடலாம் என்று நாலு திருகையும் கழற்றி அதைத் தூக்கினார். பிராசஸரின் நெற்றியில் சாம்பல் பசை இல்லை. மஞ்சள் சந்தனம், நடுவில் குங்குமம். இத்தனை மாதமாக ஓடியும் இரண்டும் ஈரம் காயாமல் இருந்தன.

"கர்த்தரே," என்றார் ஜெபமணி. "முப்பது வருஷமாப் பூட்டுதேன், இப்படி ஒரு கூத்தைப் பாத்ததில்ல. இது மொத நாளே கருகிச் செத்திருக்கணும் தங்கச்சி. யாரு செஞ்ச வேலை இது?"

வெள்ளத்தாய் அடுப்படி நிலையில் சாய்ந்து நின்று முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். "நல்ல நாளும் அதுவுமாச் சாம்பலைத் தடவி வச்சிருந்தீக. தொடச்சிட்டேன்," என்றாள். "நான் வைக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியும்யா. தாலியறுத்தவ வச்சான்னா நாலு பேரு நாலு விதமாப் பேசுவாக. நீங்க அது மேல மூடி போடப்போறீகன்னு பாத்தேன். வெளிய தெரியாதுல்லா, அதான் அங்க வச்சேன். எம்பிள்ளையைக் காட்டிருன்னு வேண்டிக்கிட்டேன், வேற ஒண்ணும் கேக்கல."

ஆவுடை மாமியாரைப் பார்த்தாள். இத்தனை நாள் ஊரெல்லாம் வந்து உட்கார்ந்த பெட்டியைத் திறந்துவைத்தது இந்தக் கைதானா? கோபப்படவும் தோன்றவில்லை, கும்பிடவும் தோன்றவில்லை. ஜெபமணி பசைக் குப்பியைக் கையில் எடுத்தார். பிறகு அதைப் பைக்குள்ளேயே போட்டுவிட்டு, கூலரை இருந்தபடியே திரும்ப வைத்து முடுக்கினார்.

கல்யாணம் நடந்தது. தாரை வார்க்க ஆவுடையின் அண்ணனும் மதினியும் நின்றார்கள். பெற்றவள் மணவறைக்கு இருபதடி தள்ளி, மூன்று ஸ்டாண்டுகளுக்கு நடுவில், மண்டபத்தின் ஒரு மூலைகூட விடுபடாதபடி கேமராக்களைத் திருப்பித் திருப்பிச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். கெட்டிமேளம் கேட்டபோது மகளைப் பார்க்கவில்லை, மகளுக்குப் பின்னால் இருந்த காலி இடத்தைப் பார்த்தாள். அந்த இடத்தைத் தாராளமாக விட்டுப் படம் எடுத்தாள்.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்குப் பெட்டி முழுப்படத்தை ஆக்கத் தொடங்கியது. தறிகளை நிறுத்திவிட்டுத் தெருவே வாசலில் வந்து நின்றது. மங்கை வந்து ஆவுடையின் பக்கத்தில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். வெள்ளத்தாய் குங்குமச் சிமிழை மடியில் வைத்துக்கொண்டு தரையில் இருந்தாள். திரையில் எண்பது, தொண்ணூறு, தொண்ணூற்றெட்டு என்று ஏறியது. நூறு ஆனதும் ஆவுடை இந்தத் தடவை கதவைச் சாத்தவில்லை, எல்லோரும் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

அடேயப்பா, என்ன கூட்டம். ஜெபமணியின் கார்டு ஒருத்தரையும் விடவில்லை. ஆவுடையின் அப்பாவும் அம்மாவும் முன் வரிசையில் இருந்தார்கள். மாமனார் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு பந்தி விசாரித்தார். போட்டோகூட இல்லாத காலத்தில் செத்தவர்கள், பேர் தெரியாத கிழவர்கள், பர்மாவுக்குப் போய்த் திரும்பாத பெரியப்பா ஒருவர், காலராவில் போன ஒரு வீட்டு ஆட்கள் மொத்தமும், தலைமுறை தலைமுறையாக மண்டபம் கொள்ளாமல் நின்றார்கள். ஆவுடை மூன்று கேமராப் படத்தையும் ஒவ்வொரு மூலையாகப் பெரிசாக்கிப் பார்த்தாள். தூணுக்குப் பின்னால் பார்த்தாள். கை கழுவுகிற இடத்தில் பார்த்தாள். துண்டால் முகத்தை மூடியிருந்த ஒருவரை நிறுத்திவைத்துப் பார்த்தாள், அது அவள் தாய்மாமன்.

அப்போதுதான் அப்பாவின் மடியைக் கவனித்தாள். அவர் மடியில் பழைய சேலைத் துணியில் சுற்றிய ஒரு கைக்குழந்தை இருந்தது. இரண்டு நாள் பிள்ளை, கண்ணைச் சுளித்துக்கொண்டு, மணவறைப் பக்கம் முகத்தைத் திருப்பி. இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் அவளே கிழித்துச் சுற்றிய ஊதாச் சேலை. பேரே வைக்காத பிள்ளை, நடக்கவே தெரியாத பிள்ளை, எந்த ஊர், எந்த மண்டபம் என்று யார் அதற்குச் சொன்னார்கள்? அதுகூட வந்திருந்தது.

மகளுக்குப் பின்னால் அவள் தாராளமாக விட்டிருந்த இடம் அப்படியே காலியாக இருந்தது. கடைசிவரைக்கும் ஓடவிட்டாள். திரும்ப முதலிலிருந்து ஓடவிட்டாள். அவர் இல்லை.

முதலில் புரிந்தது வெள்ளத்தாய்க்குத்தான். "இல்ல! எம்பிள்ளை இதுல இல்ல!" என்று அலறிக்கொண்டு எழுந்தாள். "இருக்கான்! நான் சொன்னேம்லா! எங்கயோ உசிரோட இருக்கான்!" வாசலில் நின்ற பெண்கள் குலவை போட்டார்கள். யாரோ சீனி டப்பாவைத் தூக்கி வந்து எல்லோர் வாயிலும் அள்ளிப் போட்டார்கள். ஒன்பது வருஷமாகத் தட்டை இழுத்துக்கொண்ட கைகளெல்லாம் இப்போது மஞ்சளும் பூவுமாக ஆவுடையை நோக்கி நீண்டன, ஒருத்தி அவள் தலையில் மல்லிகைச் சரத்தையே வைத்துவிட்டாள். வெள்ளத்தாய் சிமிழைத் திறந்து, விரல் நிறையக் குங்குமத்தை அள்ளிக்கொண்டு, அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் மருமகளின் நெற்றிக்குக் கொண்டுபோனாள்.

ஆவுடை அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினாள். திரையில் அப்பாவின் மடியில் இருந்த பிள்ளையை இன்னும் ஒருதரம் பார்த்தாள். பிறகு நெற்றியில் இருந்த மெரூன் பொட்டை நகத்தால் உரித்தெடுத்து, கேபினட்டின் கண்ணாடியில், உள்ளே ஆறு ஃபேனும் சுற்றிக்கொண்டிருந்த பக்கத்தில், விரலால் அழுத்தி ஒட்டினாள். குலவை ஒவ்வொரு வாயாக நின்றது. தெரு முழுக்கக் கேட்கும்படி அவள் கேட்டாள்:

"ஒரு ஃபேன் வாங்க ஒம்பது வருஷமா அத்தே?"